எதிரொலி வர வேண்டுமென்றால்

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். உச்சியில் ‘செய்தி எதிரொலி’ என்று போட்டிருக்கும். போன வாரம் நாங்கள் எழுதினோம், இன்று அதிகாரிகள் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டார்கள் என்று பேப்பர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இடம் அது. மாவட்ட நிருபர்களுக்கு அந்தப் பெட்டிதான் போனஸ்.

டெல்டாவில் ஒரு தாலுகா ஊரில் 1991-லிருந்து 2018 வரை பகுதிநேர நிருபராக இருந்தேன். சோறு போட்டது போட்டோ ஸ்டுடியோ. கையில் கேமரா இருந்ததால் நிருபர் வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் அப்படித்தான். 27 வருடத்தில் அனுப்பிய செய்திகளுக்குக் கணக்கே இல்லை. எதிரொலி வந்தவை நாற்பதைத் தாண்டாது. அந்த நாற்பது ஏன் பலித்தன, மற்றவை ஏன் பஜ்ஜி மடிக்கப் போயின என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தை. உங்கள் தெருவிலோ ஊரிலோ ஒரு பிரச்சினை இருந்து, அதை எம்.எல்.ஏ., அமைச்சர் காதுவரை கொண்டுபோக நினைத்தால் கீழே உள்ளது உதவும்.

‘சம்பந்தப்பட்ட அதிகாரிகள்’ என்று எழுதாதீர்கள்

எங்கள் தாலுகாவில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அங்கே என் சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஒரு பாசன வாய்க்கால். இரண்டு பனைமரத்தைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் பனைமரத்துக்கு மேலே போகும். அப்போது யாராவது இறந்துவிட்டால் பாடையை மார்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

1999-ல் எழுதினேன். 2002-ல் எழுதினேன். 2004-லும் எழுதினேன். மூன்றும் ஒரே அச்சு: பாலம் இல்லாததால் அவலம், பொதுமக்கள் கோரிக்கை, சம்பந்தப்பட்ட அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்களா? இந்த வாசகத்தை எழுதாத மாவட்ட நிருபர் கிடையாது. ‘சம்பந்தப்பட்ட’ என்றால் யாருக்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம் என்பது எனக்கு எட்டு வருடம் கழித்துத்தான் உறைத்தது. அந்தச் செய்தியைப் படித்த ஒவ்வொரு அதிகாரியும் பக்கத்து ஆபீஸைச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்.

ஆகவே முதல் வேலை, பேப்பர்காரனைத் தேடுவது அல்ல. அந்த இடம் யாருடையது என்று கண்டுபிடிப்பது. சாலை என்றால் ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையினுடையதா? வாய்க்கால் ஒரு துறை, அதற்குப் போகும் பாதை வேறு துறை, கரையில் இருக்கும் மின்கம்பம் மூன்றாவது துறை. வி.ஏ.ஓ.விடம் கேட்டால் புல எண்ணும் வகைப்பாடும் தெரியும். அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஆர்.டி.ஐ. என்போம், இருக்கிறது. 2005-ல் வந்த சட்டம்; 10 ரூபாய் கட்டணம்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

2007 தொடக்கத்தில் அந்த ஊர்ப் பையன் ஒருவனை விட்டு மனு போடச் சொன்னேன். மூன்று கேள்விதான். இந்த இடத்தில் பாலம் கட்ட மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, எப்போது, இப்போது கோப்பு யாரிடம் இருக்கிறது? பதிலைப் பார்த்து எனக்கே தூக்கிவாரிப்போட்டது. 2003-லேயே மதிப்பீடு போட்டிருக்கிறார்கள், 14 லட்சத்துச் சொச்சம். கோப்பு நான்கு வருடமாக ஒரு செயற்பொறியாளர் அலுவலகத்தில் ‘நிதி ஒதுக்கீடு வந்தவுடன்’ என்ற குறிப்போடு படுத்திருந்தது. அப்புறம் நான் எழுதிய செய்தியில் கோரிக்கை என்ற சொல்லே இல்லை. நான்கு வருடமாகத் தூங்கும் கோப்பு என்பதுதான் தலைப்பு. பதவியின் பெயர், தொகை, தேதி மூன்றும் முதல் பத்தியிலேயே இருந்தன. செய்திக்கு அன்றைக்குத்தான் ஒரு முகவரி கிடைத்தது.

அமைச்சர் பேப்பர் படிப்பதில்லை

படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஊர்ச் செய்தி மாவட்டப் பதிப்பின் ஐந்தாம் பக்கத்தில் வரும். சென்னையில் விற்கும் பேப்பரில் அது இருக்கவே இருக்காது. அப்படியானால் அது எப்படி மேலே போகிறது? மூன்று வழிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி காலைக் கத்தரிக்கோல். மாவட்டத் தலைநகரில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில், பி.ஆர்.ஓ. ஆபீஸ் என்போம், காலையில் எல்லாப் பேப்பரையும் பிரித்து மாவட்டம் சம்பந்தப்பட்ட செய்திகளை வெட்டி ஒட்டிக் கலெக்டர் பார்வைக்கு வைப்பார்கள். குறை சொல்லும் செய்தி என்றால் அதன் ஓரத்தில் கலெக்டர் ஒரு துறையின் பெயரை எழுதி விளக்கம் கேட்பார். அந்த ஓரக்குறிப்புதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எந்தத் துறை என்று செய்தியிலேயே இருந்தால் அவர் பேனா தயங்காது. இல்லாவிட்டால் தாசில்தார் என்று பொதுவாகப் போட்டுவிடுவார். தாசில்தாருக்கு அன்றைக்கு வேறு நூறு வேலை.

இரண்டாவது வழி அரசியல். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வுக்கு உங்கள் செய்தி ஒரு தலைவலி. எதிர்க்கட்சிக்காரருக்கு அதுவே தீனி. இதை நீங்கள் வருத்தப்படாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து பேச ஏதாவது கையில் வேண்டும். பட்ஜெட்டுக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம், அதாவது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் விவாதம், நடக்கும். அப்போது அந்தந்தத் துறை அமைச்சர் பதில் சொல்லிப் புது அறிவிப்புகளையும் வெளியிடுவார். கேள்வி நேரம், கவன ஈர்ப்பு எல்லாம் இருந்தாலும், சின்ன ஊர்களின் சின்ன வேலைகள் நுழைய வசதியான வாசல் இந்த மானியக் கோரிக்கைதான் என்பது என் அனுபவம். உறுப்பினரின் உதவியாளர் பேச்சுக்குக் குறிப்பெடுக்கும் நாட்களில் உங்கள் பேப்பர் கட்டிங் அவர் மேசையில் இருந்தால், அவருக்கு அரை மணி நேர வேலை மிச்சம். மிச்சப்படுத்திக் கொடுப்பவனைத்தான் அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. என்றாலும் வழி இருக்கிறது. அவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், தொகுதியில் நீண்டநாளாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் தரும்படி 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார். ஒரு தொகுதியில் எத்தனையோ கிராமங்கள் இருக்கும். அதிலிருந்து பத்தைப் பொறுக்கும்போது மனசில் முதலில் என்ன வரும்? போன வருடம் எதற்காகத் தன் பெயர் பேப்பரில் அடிபட்டதோ அதுதான் வரும்.

மூன்றாவது வழி நீதிமன்றம். செய்தியைப் பார்த்து உயர் நீதிமன்றமோ மனித உரிமை ஆணையமோ தாமாக முன்வந்து வழக்கு எடுப்பதுண்டு. உங்கள் கையில் இல்லாத விஷயம் என்பதால் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். உயிர் போனால் மட்டும் கதை வேறு. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். பேனர் வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் அதற்கு முன்னால் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்தக் காட்சி டிவியில் ஓடிய மறுநாள்தான் நீதிபதிகளின் கேள்வி சுட்டது, கட்சித் தலைவர்கள் பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு வரிசையாக அறிக்கை விட்டார்கள்.

படத்துக்குள் எது இருக்கிறதோ அதுதான் நடக்கும்

ஸ்டுடியோக்காரன் என்பதால் இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசியல்வாதி செய்தியில் பார்த்ததைத்தான் சரிசெய்வார். பிரச்சினையை அல்ல, படத்தை. 1986-ல் உசிலம்பட்டிப் பகுதிப் பெண் சிசுக்கொலை பற்றி ‘இந்தியா டுடே’ அட்டைப்படக் கட்டுரை போட்டது. நாடே அதிர்ந்தது. ஆறு வருடம் கழித்து, 1992-ல், ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது; சேலத்தில்தான் முதல் தொட்டில். எத்தனையோ குழந்தைகள் பிழைத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்: மக்கள் மனசில் பதிந்த படம் ஒரு கைக்குழந்தை, அரசின் பதில் ஒரு தொட்டில். அந்தக் குழந்தையைப் பாரமாக்கிய வரதட்சணை படத்தில் விழவில்லை. அதற்குத் தொட்டிலும் இல்லை.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே உயிரைவிட்டது. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-லேயே இருக்கிறது. சம்பவத்துக்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ்களில் என்ன மாறியது என்று திங்கட்கிழமை மனுக் கொடுக்கப் போனவர்களுக்குத் தெரியும்: வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்க்கிறது. வளாகம் படத்தில் இருந்தது, வளாகத்துக்குக் காவல் வந்தது. வட்டிக்காரன் படத்தில் இல்லை. (இதை எழுதும்போது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உயிரைப் பணயம் வைத்தால்தான் டிவி வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த ஆளைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். என்னிடமே ஒருவர் வந்து ‘அண்ணே, நான் ஏதாச்சும் பண்ணிக்கிறேன், நீங்க போட்டோ எடுங்க’ என்றார். கேமராவை உள்ளே வைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். அவருடைய பட்டா மாறுதல் மூன்று மாதத்தில் முடிந்தது, செய்தியே இல்லாமல்.)

மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபர் 25 மாலை, இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். நடுவே தீபாவளி. எல்லா சேனல்களும் மூன்று நாளைத் தாண்டி இரவு பகலாக நேரலை செய்தன. அமைச்சர்கள் அங்கேயே தங்கினார்கள். 29-ஆம் தேதி அதிகாலை உடலைத்தான் எடுக்க முடிந்தது. கைவிட்ட கிணறுகளை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே விரிவாக வழிகாட்டுதல் சொல்லியிருந்தது. ஒன்பது வருடம் அந்தத் தாள் எங்கேயோ கிடந்தது. நேரலைக்குப் பிறகுதான் கிணறுகளை மூடச்சொல்லி மாவட்டம் மாவட்டமாக உத்தரவு பறந்தது. இந்தத் தடவை படத்தில் இருந்ததும் மூடாத கிணறு, செய்ய வேண்டியதும் கிணற்றை மூடுவது. இரண்டும் ஒன்றாக இருந்ததால் வேலை நடந்தது.

அதனால் போட்டோவோ வீடியோவோ எடுக்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதைப் பார்த்துவிட்டு ஓர் அதிகாரி ஒரே ஒரு வேலை செய்வார் என்றால், அது என்ன வேலையாக இருக்கும்? அழுகிற முகத்தை மட்டும் எடுத்தால் நிவாரணத் தொகையோடு யாராவது வருவார்கள். காலிக்குடம் தூக்கிய பெண்கள் வரிசையை எடுத்தால் தண்ணீர் லாரி வரும். மோட்டார் ரூமில் பூட்டுத் தொங்குவதை எடுத்தால்தான் மோட்டார் ஓடும்.

என் பாலம் படத்தில் நானும் இந்தத் தப்பைச் செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த நாள், எந்த மாதம்

மேலே சொன்ன மூன்றாவது செய்தி, 2004-ல் வந்தது, எந்தத் தேதி தெரியுமா? டிசம்பர் 25, சனிக்கிழமை. மறுநாள் காலை சுனாமி. நாகப்பட்டினம் நமக்குப் பக்கம். நானே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்கப்புறம் மாதக் கணக்கில் பாலம், ரோடு, குழாய் எதற்கும் இடமில்லை. அதைக் குறை சொல்ல முடியுமா? ஆனால் செய்திகள் ஒன்றையொன்று தின்னும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஸ்ட்ரோம்பெர்க் என்ற ஸ்வீடன் ஆய்வாளரும் அவருடைய சகாவும், 1968 முதல் 2002 வரை உலகம் முழுக்க நடந்த ஏறக்குறைய 5,000 பேரிடர்களை எடுத்து, எதற்கெல்லாம் அமெரிக்க அரசு நிவாரணம் கொடுத்தது என்று பார்த்தார்கள். ஒலிம்பிக் நடக்கும் நாட்களில் ஒரு பேரிடர் வந்தால், சாதாரண நாளில் வருவதைப்போல மூன்று மடங்கு உயிர் போனால்தான் நிவாரணத்துக்கு அதே வாய்ப்பு. டிவியில் இடம் கிடைக்காத துயரம் அரசின் கண்ணிலும் பட்டதாகக் கணக்கில்லை.

நம் ஊருக்கு இதை எப்படிப் பொருத்துவது? தேர்தல் முடிவு, தலைவர் உடல்நிலை, பெரிய நடிகர் கட்சி தொடங்குவது, இந்தியா விளையாடும் இறுதிப் போட்டி, இவற்றுக்கு முன்பின் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். உங்கள் பிரச்சினை பத்து வருடப் பழையது, பத்து நாள் தாமதத்தில் கெட்டுப்போகாது. சனிக்கிழமை வெளிவருகிறமாதிரி வியாழக்கிழமையே நிருபரிடம் கொடுங்கள். சனி, ஞாயிறில் அரசு அறிக்கைகள் குறைவு, பக்கத்தில் இடம் கிடைக்கும். அப்புறம் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். சனிக்கிழமைக் கட்டிங்கைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் போய் மனுக் கொடுத்தால், அதே கட்டிங் பி.ஆர்.ஓ. கோப்பு வழியாகவும் வந்து கலெக்டர் முன்னால் கிடக்கும். ஒரே விஷயம் இரண்டு வாசல் வழியாக வந்தால் யாருக்கும் கொஞ்சம் உறுத்தும்.

மாதக் கணக்கும் முக்கியம். டெல்டாவில் மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். வாய்க்காலில் எந்தக் கட்டுமானம் என்றாலும் அந்த இடைவெளியில்தான். நான் 1999-லும் 2002-லும் ஐப்பசி மழையில் செய்தி போட்டேன். உருக்கமாக இருந்தது, ஆனால் அப்போது எந்த இன்ஜினியராலும் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. ‘தண்ணீர் வடிந்ததும் பார்க்கிறோம்’ என்பார். வடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுவார்கள். 2006 கார்த்திகையில் எடுத்த பாடைப் படத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்து 2007 ஏப்ரலில் வெளியிட்டோம், படம் எப்போது எடுத்தது என்று கீழே தெளிவாகப் போட்டு. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. சென்னையில் மானியக் கோரிக்கை நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தொகுதி எதிர்க்கட்சி உறுப்பினர் அதை எடுத்துப் பேசினார், அமைச்சரால் ‘பரிசீலிக்கப்படும்’ என்பதற்கு மேலே ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. செய்யக்கூடிய காலத்தில் கேட்டால்தான் அவராலும் ஆம் என்று சொல்ல முடியும்.

எந்தப் பேப்பர், எந்த டிவி

ஆங்கிலப் பேப்பரில் வந்தால்தான் கோட்டையில் மதிப்பு என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் வரைக்கும் அது ஓரளவு உண்மை. ஓட்டு வாங்குகிறவர் கணக்கு வேறு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த பெஸ்லி, பர்ஜஸ் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் 1958 முதல் 1992 வரை இந்தியாவின் 16 மாநிலங்களை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விளைச்சல் குறைந்தாலோ வெள்ளம் வந்தாலோ, பத்திரிகை அதிகம் விற்கும் மாநிலங்களின் அரசுகள் ரேஷன் உணவையும் நிவாரணத்தையும் அதிகமாகக் கொடுத்திருக்கின்றன. அதிலும் ஆங்கிலம், இந்தி அல்ல. மாநில மொழிப் பேப்பர்கள்தான் இந்த வேலையைச் செய்தன. டீக்கடையில் உரக்கப் படிக்கும் பேப்பருக்கு ஒரு பலம் இருக்கிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டியதில் சந்தோஷம்.

கட்சி ஊடகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முரசொலி, தீக்கதிர், கலைஞர் டிவி, நியூஸ் ஜெ, இவை யாருடைய குரல் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் விஷயம் முதலில் எதிர்க்கட்சி சேனலில் மட்டும் வந்தால், ‘இது அரசியல் உள்நோக்கம்’ என்று ஒரே வரியில் ஊதித்தள்ளிவிடுவார்கள். முதலில் ஒரு பொதுப் பேப்பரில் வரட்டும். அதன் பிறகு கட்சிக்காரர்கள் எடுத்து ஊதினால் நல்லது. விவசாயக் கூலி, ரேஷன் போன்றவற்றில் இடதுசாரிப் பேப்பர்க்காரர்கள் பொறுமையாக முழு விவரம் எழுதுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அரசு விளம்பரம் நம்பி ஓடும் பேப்பர் துறையின் பெயரை வெட்டிவிடக்கூடும். எனக்கு நடந்திருக்கிறது. டெஸ்க்கில் மறுபடியும் ‘சம்பந்தப்பட்ட அதிகாரிகள்’ ஆக்கிவிட்டார்கள். அப்போது இன்னொரு பேப்பர் நிருபருக்கு அதே தாளைக் கொடுத்தேன். போட்டி நிருபருக்கே உதவினாயே என்று வீட்டில் கேட்டார்கள். என்ன செய்வது?

நிருபரைச் சந்திக்கும்போது

அவர் பெரும்பாலும் உங்களைவிடக் கஷ்டத்தில் இருப்பவர். செய்திக்கு இவ்வளவு என்றோ மாதம் ஒரு சின்னத் தொகையோ வாங்குகிறவர். ஒரே நாளில் மறியல், விபத்து, கோயில் கும்பாபிஷேகம் என்று அலைவார். ஆகவே அவர் வேலையைச் சுருக்கிக் கொடுங்கள். ஒரு பக்கத் தாளில் இடம், துறை, தொகை, தேதிகள், எத்தனை வீடு, பேசத் தயாராக இருக்கும் இரண்டு பேர். கூடவே மனு ரசீது, ஆர்.டி.ஐ. பதில் ஆகியவற்றின் நகல். அசலை எவரிடமும் கொடுக்காதீர்கள். கவர் கொடுக்காதீர்கள், ஒரு முறை கொடுத்தால் அடுத்த முறை எதிராளி பெரிய கவரோடு வருவான். டீ வாங்கிக் கொடுக்கலாம், அதில் தப்பில்லை.

புகாருக்கு ஆளாகும் அதிகாரியின் பதிலையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள். இது நியாயம் மட்டுமல்ல, தந்திரமும்கூட. ‘இரண்டு மாதத்தில் முடித்துவிடுவோம்’ என்று அவர் வாயால் சொன்னது அச்சில் வந்துவிட்டால், இரண்டு மாதம் கழித்து அடுத்த செய்தி தயார். மிகைப்படுத்தவும் வேண்டாம். நாற்பது வீட்டை நானூறு என்று சொன்னால், மறுப்பறிக்கையில் அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய்யாக்கிவிடுவார்கள்.

வாட்ஸ்அப் வீடியோ பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். ஒரு நாளில் லட்சம் பேர் பார்த்தாலும், எந்த ஊர், எந்தத் தேதி என்று இல்லாத வீடியோவை அதிகாரிகள் ‘பழைய வீடியோ’ என்று ஒதுக்கிவிடுவார்கள். பேசும்போதே தேதியையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். நல்ல வீடியோ என்றால் சேனல்காரர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

வந்த பிறகு

செய்தி வந்த அன்றைக்கு ஊரே கொண்டாடும். அதோடு விட்டால் போச்சு. கட்டிங்கை நகலெடுத்துக் கலெக்டர், அந்தத் துறையின் செயற்பொறியாளர், எம்.எல்.ஏ. அலுவலகம், முதலமைச்சர் தனிப்பிரிவு என்று நான்கு இடத்துக்கும் மனுவோடு அனுப்புங்கள். ரசீது எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு மனு: செய்தி வெளியான பின் எடுத்த நடவடிக்கை என்ன? வேலை நடந்தால் நிருபரைக் கூப்பிட்டு எதிரொலி போடச் சொல்லுங்கள், செய்த அதிகாரியின் பதவியையும் அதில் போடச் சொல்லுங்கள். திட்டு வாங்கிய இடத்திலேயே பாராட்டும் கிடைத்தால் அடுத்த முறை அந்த ஆபீஸில் உங்களுக்கு நாற்காலி போடுவார்கள்.

எங்கள் பாலம் 2008 மே மாதம் முடிந்தது. எதிரொலிப் பெட்டி இரண்டு பத்தி அகலத்தில் வந்தது. என் வாழ்நாளில் பெரியது அதுதான். அந்த மழைக்காலத்தில் ஒரு சாவுக்குப் போனேன். பாடை பாலத்தின்மேல் கம்பீரமாகப் போனது. பாலத்தை விட்டு இறங்கியதும் முழங்கால் சேறு. சுடுகாடு வரை இருநூறு மீட்டர் பாதை போடவே இல்லை, தூக்கியவர்கள் வழுக்கி வழுக்கிப் போனார்கள். கோபமாக வீட்டுக்கு வந்து பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர், பாடை, நான்கு தலைகள். நெருக்கிப் பிடித்திருந்தேன், உருக்கமாக இருக்கட்டும் என்று. பாதை ஒரு அங்குலம்கூடப் படத்தில் இல்லை. நான் எழுதிய செய்தியிலும் இல்லை.

போன மாதம் அந்த ஊர் மைத்துனர் மகன் ஒருவன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான். “மாமா, பாருங்க, நல்லா வந்திருக்கா?” ஒரு அம்மா சேற்றில் நின்று அழுகிறாள், திரை முழுக்க முகம். நன்றாகத்தான் இருந்தது. மறுபடி போய், பாலத்தின் மேலே ஏறி, பத்தடி பின்னால் நின்று எடுக்கச் சொன்னேன். பாலத்தின் சுவரில் பணியின் பெயர், மதிப்பீடு, ஆண்டு என்று எழுதிய கல் இன்னும் இருக்கிறது. அந்தக் கல்லும், அதற்குப் பின்னால் சேறும், சேற்றின் கடைசியில் சுடுகாட்டுக் கொட்டகையும் ஒரே சட்டத்துக்குள் விழ வேண்டும்.

எடுத்துவிட்டான். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. பாதை ஊராட்சியினுடையதா, ஒன்றியத்தினுடையதா என்று கேட்டு 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டிருக்கிறான். பதிலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.